கையால் தட்டினால் ஓடுகிறது, கிரானில் படுத்துவிடுகிறது!

கணினி கேள்வி–பதில்

ஆள் தூங்கும் நேரத்தில் கணினி தானாகச் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றிய கடிதங்களை இந்த இதழுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தோம். லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான், விண்டோஸில் அதையே செய்யும் டாஸ்க் ஷெட்யூலர், மென்பொருளை உருவாக்கும் ‘பில்ட்’ வேலைகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் மூன்றும் வருகின்றன. கட்டளைகளை ஒலிப்பிலேயே அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்; பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறோம். குறிகளும் எண்களும் அச்சில் உள்ளபடியே.

கேள்வி: எங்கள் சர்வரில் உபுண்டு லினக்ஸ். இரவு 2.30க்கு டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டை கிரானில் போட்டிருக்கிறேன். டெர்மினலில் நானே தட்டினால் ஒரு நிமிடத்தில் முடிகிறது. கிரானில் ஃபைலே விழுவதில்லை, பிழைச் செய்தியும் இல்லை. கிரான் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது. – வாசகர், ஈரோடு

பதில்: கிரான் ஓடியிருக்கும். பிழைச் செய்தியும் வந்திருக்கும். அது உங்கள் கைக்கு வந்து சேரவில்லை. ஒரு வேலை திரையில் எழுதும் எதையும் கிரான் அந்தப் பயனருக்கு மெயிலாக அனுப்பப் பார்க்கும். சர்வரில் மெயில் அனுப்பும் மென்பொருள் இல்லையென்றால் அப்படியே குப்பையில் போட்டுவிடும். கணினி தன் நடப்புகளைப் பதியும் /வார்/லாக்/சிஸ்லாக் ஃபைலைத் திறந்து 2.30 மணி வாக்கில் பாருங்கள். பெரிய எழுத்தில் ‘சிஎம்டி’ என்று தொடங்கி உங்கள் கட்டளை அச்சாகியிருந்தால் கிரான் தன் கடமையைச் செய்துவிட்டது. அதன் கீழே ‘நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்’ என்று ஒரு வரி இருந்தால் உங்கள் ஸ்கிரிப்ட் ஏதோ சொல்ல வந்தது, கேட்க ஆளில்லை என்று பொருள்.

ஆகவே முதல் வேலை, கிரான் வரியின் கடைசியில் >> என்று போட்டு, ஒரு லாக் ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்து, அதற்குப் பின்னால் 2>&1 சேர்ப்பது. வரிசை முக்கியம். 2>&1 முன்னால் வந்துவிட்டால் சாதாரணச் செய்தி மட்டும் லாகில் போகும்; பிழைச் செய்தி பழையபடி மெயிலுக்கே போய்த் தொலையும்.

மறுநாள் காலையில் அந்த லாகில் பெரும்பாலும் ‘நாட் ஃபவுண்ட்’ என்று இருக்கும். காரணம் இதுதான். நீங்கள் லாகின் செய்தால், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் உங்கள் ப்ரொஃபைல் ஃபைல்களைப் படித்து, எந்தெந்த டைரக்டரிகளில் புரோகிராம்களைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. கிரான் அவற்றைத் தொடாது. அதற்குத் தெரிந்த பாத், அதாவது தேடும் இடங்களின் பட்டியல், பொதுவாக இரண்டே இடம்: /யூஎஸ்ஆர்/பின், /பின். நீங்கள் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் நிறுவிய புரோகிராம் அதன் கண்ணில் படாது. ஸ்கிரிப்டில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் முழுப் பாதை எழுதுங்கள். அல்லது ஸ்கிரிப்டின் தலையில் பாத்தை (முழுவதும் பெரிய எழுத்து) நீங்களே வையுங்கள். கிரான் வரிகளை எழுதும் ஃபைலான கிரான்டாபிலேயே பாத் வரி வைக்கலாம்தான். ஆனால் அங்கே டாலர் குறி வேலை செய்யாது. ‘பழைய பாத்தோடு இதையும் சேர்’ என்று டாலர் போட்டு எழுதினால், அந்த எழுத்துகளையே ஒரு டைரக்டரியின் பெயராக எடுத்துக்கொள்ளும். முழுப் பட்டியலையும் கையால் எழுத வேண்டும்.

இன்னும் இரண்டு வித்தியாசங்கள். கிரான் வரியை இயக்குவது டெர்மினலில் உங்களுக்குப் பழகிய பேஷ் ஷெல் அல்ல, /பின்/எஸ்எச். உபுண்டுவில் அது டாஷ் என்னும் சின்ன ஷெல். ‘சோர்ஸ்’ என்ற சொல்லும் இரட்டைச் சதுர அடைப்பும் அதற்குப் புரியாது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் #!/பின்/பேஷ் இருந்தால் உள்ளே கவலையில்லை. கிரான்டாப் வரியிலேயே நேரடியாக எழுதியது மட்டும்தான் மாட்டும். அடுத்தது, வேலை தொடங்கும் இடம் உங்கள் ஹோம் டைரக்டரி. நீங்கள் பேக்கப் டைரக்டரிக்குள் நின்றுகொண்டு சோதித்திருந்தால் ‘ஃபைலே விழவில்லை’ என்று தோன்றும். அது ஹோமில் உட்கார்ந்திருக்கும். ஒரு முறை அங்கேயும் தேடிப் பாருங்கள்.

சதவிகிதக் குறியில்தான் கைப்பழக்கம் உள்ளவர்களே ஏமாறுகிறார்கள். ஃபைல் பெயரில் தேதி வர வேண்டும் என்று டேட் கட்டளையுடன் +% போட்டு கிரான்டாப் வரியிலேயே எழுதுவார்கள். கிரான்டாபில் % என்றால் வரி முடிந்தது என்று அர்த்தம். முதல் சதவிகிதக் குறிக்கு முன்னால் உள்ளது மட்டும் கட்டளை. மிச்சம் அந்தக் கட்டளைக்கு உள்ளீடாகப் போகும். மேற்கோள்குறிக்குள் வைத்தாலும் தப்பாது. \% என்று முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டும். எங்களைக் கேட்டால் கிரான்டாபில் ஐந்து நேரக் கட்டங்கள் (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை), ஸ்கிரிப்டின் முழுப் பாதை, லாக் ஃபைல் இவை மூன்றைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. தேதியை ஸ்கிரிப்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே % வெறும் எழுத்துதான்.

கிரான் எந்தச் சூழலில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமா? * * * * * என்று ஐந்து நட்சத்திரம் போட்டு, சூழல் மாறிகளைப் பட்டியலிடும் ‘என்வ்’ கட்டளையின் வெளியீட்டை ஒரு தற்காலிக ஃபைலுக்குத் திருப்புங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, அந்த வரியை எடுத்துவிட்டு ஃபைலைத் திறந்தால் ஏழெட்டு வரிதான் இருக்கும். உங்கள் டெர்மினலில் அதே என்வ் பக்கம் பக்கமாக ஓடும். ‘என்வ் மைனஸ் ஐ’ என்று தொடங்கி, அந்த ஏழெட்டை மட்டும் கொடுத்து ஸ்கிரிப்டை ஓட்டினால், இரவு 2.30 வரை காத்திராமல் பகலிலேயே பிழையைப் பிடித்துவிடலாம்.

கேள்வி: கிரான்டாப் மைனஸ் ஈ என்று தட்டப் போய் மைனஸ் ஆர் தட்டிவிட்டேன். எல்லா வரிகளும் போய்விட்டன. மீட்க வழியுண்டா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: ஈயும் ஆரும் விசைப்பலகையில் அடுத்தடுத்து இருப்பதால் உலகம் முழுக்க நடக்கும் விபத்து இது. ஒன்று திருத்தும், மற்றது ஒரு வார்த்தை கேட்காமல் அழிக்கும். சர்வருக்கு முழு பேக்கப் இருந்தால் /வார்/ஸ்பூல்/கிரான் டைரக்டரியை அதிலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் சிஸ்லாக்தான் கதி. கிரான் ஓட்டிய ஒவ்வொரு கட்டளையும் நேரத்தோடு அதில் இருக்கிறது. ‘சிஎம்டி’ வரிகளைப் பிரித்தெடுத்து, ஒரே கட்டளை எந்தெந்த நேரத்தில் திரும்ப வருகிறது என்று பார்த்து வரிகளைத் திரும்ப எழுதலாம். மாதம் ஒருமுறை ஓடுவது பழைய, சுருக்கிய லாகுகளில் இருக்கலாம். அவை தானாக அழிக்கப்படும் முன் இன்றே பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

இனிமேலுக்கு, கிரான்டாப் மைனஸ் எல் வெளியீட்டைத் தினம் ஒரு ஃபைலில் எழுத ஒரு கிரான் வரி. கேலியாகத் தோன்றும், ஆனால் உதவும்.

கேள்வி: ஆறு மாதமாக பேக்கப் ஒழுங்காக ஓடியது. தினமும் ஃபைல் விழுந்தது, பிழை எதுவும் பதிவாகவில்லை. டிஸ்க் கெட்டுப்போய் மீட்கப் பார்த்தால் ஒவ்வொரு ஃபைலும் 20 பைட். டேட்டாபேஸை ஃபைலாக எழுதும் மைஎஸ்க்யூஎல்டம்ப் வெளியீட்டை பைப் வழியாக ஜிஜிப்புக்குக் கொடுத்துச் சுருக்குகிறோம்; ஸ்கிரிப்டின் கடைசியில் ஃபைண்ட் மைனஸ் எம்டைம் +7 கொண்டு பழைய ஃபைல்களை அழிக்கிறோம். என்ன தவறு? – கூட்டுறவுக் கடன் சங்கக் கணினிப் பணியாளர், தஞ்சை மாவட்டம்

பதில்: 20 பைட் என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. ஒன்றுமே இல்லாததை ஜிஜிப்பிடம் கொடுத்துச் சுருக்கச் சொன்னால் வரும் ஃபைலின் அளவு சரியாக 20 பைட். டம்ப் முதல் நொடியிலேயே தோற்றிருக்கிறது. பாஸ்வேர்டு மாறியிருக்கலாம், அந்தப் பயனரின் அனுமதி போயிருக்கலாம். ஜிஜிப்புக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? வந்த வெறுமையைப் பொறுப்பாகச் சுருக்கிவிட்டு ‘வெற்றி’ என்று 0 சொல்லிவிட்டது.

எந்த வேலை மேலாண்மை மென்பொருளானாலும் ஒரு கட்டளை வென்றதா தோற்றதா என்று அறிய அதனிடம் உள்ள ஒரே அளவுகோல், கட்டளை முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணான எக்சிட் கோட். 0 என்றால் வெற்றி. வேறு எண் என்றால் தோல்வி. பைப்பால் இணைத்த வரிசையில் கடைசிக் கட்டளையின் கோட் மட்டுமே வெளியே தெரியும். முன்னால் உள்ளவர்கள் செத்தாலும் கடைசி ஆள் சிரித்தால் போதும்.

ஸ்கிரிப்டின் முதல் வரி #!/பின்/பேஷ் என்று இருக்கட்டும். இரண்டாம் வரியாக ‘செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில்’ சேருங்கள். இனி பைப்பில் யார் தோற்றாலும் மொத்தமும் தோல்வி. அடுத்து, நேராக இறுதிப் பெயரில் எழுதாதீர்கள். ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாம் 0 ஆக முடிந்தால் மட்டும் எம்வி கொண்டு சரியான பெயருக்கு மாற்றுங்கள். டிஸ்க் நிரம்பிப் பாதியில் நின்ற ஃபைல் நல்ல பேக்கப்போல் வேடம் போட முடியாது.

சோதனைக்கு ஜிஜிப் மைனஸ் டீ போதும் என்று பலர் எழுதுகிறார்கள். போதாது. அந்த 20 பைட் ஃபைலையும் அது ‘சரி’ என்றுதான் சொல்லும். ஏனென்றால் அது ஒழுங்காகச் சுருக்கப்பட்ட ஒரு வெற்று ஃபைல். மைஎஸ்க்யூஎல்டம்ப் முழுதாக முடிந்தால் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ (முதல் எழுத்து மட்டும் பெரியது) என்று தேதியோடு ஒரு குறிப்பு எழுதும். குறிப்புகள் வேண்டாம் என்று நீங்களே அணைத்திருந்தால் ஒழிய அது இருந்தே தீரும். இசட்கேட் கொண்டு விரித்து, டெய்ல் கொண்டு கடைசி வரியை எடுத்து, அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று ஸ்கிரிப்டே பார்க்கட்டும். இல்லையென்றால் எக்சிட் 1.

உங்களுக்கு விழுந்த பெரிய அடி இதுவல்ல. ஸ்கிரிப்டின் கடைசியில் ஃபைண்ட் கட்டளையில் மைனஸ் எம்டைம் +7 போட்டுப் பழைய ஃபைல்களை அழித்திருக்கிறீர்கள். +7 என்றால் எட்டு நாள் நிறைந்தவை. டம்ப் தோற்ற பிறகும் அந்த வரி தினமும் ஓடி, ஒன்பது நாளுக்குள் கடைசி நல்ல பேக்கப்பையும் துடைத்துவிட்டது. அழிக்கும் வரி, மேலே சொன்ன சோதனை வென்றால் மட்டுமே ஓட வேண்டும்; இரண்டுக்கும் நடுவில் && போடுங்கள். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் உண்மையிலேயே மீட்டு, ஒரு டேபிளில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: வங்கி விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமை காலை 9 மணிக்கு மட்டும் ஒரு வேலை ஓட வேண்டும். 0 9 8-14 * 6 என்று எழுதினேன். 8ஆம் தேதி முதல் தினமும் ஓடுகிறது! – வாசகர், மதுரை

பதில்: மற்றச் சனிக்கிழமைகளிலும் ஓடியிருக்கும், பாருங்கள். ஐந்து கட்டங்களும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். தேதிக்கும் கிழமைக்கும் மட்டும் அந்த விதி மாறுகிறது. இரண்டிலும் நட்சத்திரம் இல்லாமல் ஏதாவது எழுதியிருந்தால், ஏதேனும் ஒன்று பொருந்தினாலே கிரான் ஓட்டிவிடும். உங்கள் வரிக்கு ‘8 முதல் 14 வரை எல்லா நாளும், கூடவே எல்லாச் சனியும்’ என்று அர்த்தம்.

இரண்டாம் சனி எப்போதும் 8க்கும் 14க்கும் இடையில்தான் விழும் என்ற உங்கள் கணக்கு சரி. கிழமையைக் கிரானிடம் விடாதீர்கள். நேரத்தை 0 9 8-14 * * என்று வையுங்கள். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் டேட் கட்டளையை +%யூ உடன் ஓட்டினால் கிழமை எண் கிடைக்கும்; திங்கள் 1, சனி 6, ஞாயிறு 7. 6 இல்லையென்றால் சத்தமில்லாமல் எக்சிட் 0. நான்காம் சனிக்கு 22-28.

கேள்வி: எங்கள் கிளவுட் சர்வர் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. மாதம் 1ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குக் கணக்கு முடிக்கும் வேலை ஓட வேண்டும். ஐந்தரை மணி நேரம் கழித்தால் முந்தைய நாள் இரவு 8.30. அதை எப்படி எழுதுவது? – ஆடை ஏற்றுமதி நிறுவன ஊழியர், திருப்பூர்

பதில்: தினசரி வேலையாக இருந்தால் 30 20 * * * என்று எழுதிவிட்டுப் போகலாம். வார வேலைக்குக் கிழமையை ஒன்று குறைக்க வேண்டும்; நம் திங்கள் அதிகாலை அங்கே ஞாயிறு இரவு. மாத வேலையில்தான் சிக்கல். நம் 1ஆம் தேதி 2 மணி அங்கே முந்தைய மாதத்தின் கடைசி நாள். அது 28, 29, 30, 31 என்று மாறிக்கொண்டே இருக்கும். ‘கடைசி நாள்’ என்று எழுதக் கிரானில் குறி கிடையாது.

எளிய வழி, அந்த வேலை 2 மணிக்கே ஓட வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது. காலை 6 மணிக்கு ஓடினால் போதுமென்றால் யூடிசியில் அது அதே தேதி 0.30. ஆகவே 30 0 1 * *. நம் நேரம் காலை 5.30க்குப் பிறகு எதை வைத்தாலும் தேதி இடறாது.

2 மணிதான் வேண்டுமென்றால் மூன்று வழிகள். ரெட் ஹேட் வகை லினக்ஸில் கிரான்டாபில் வேலைக்கு மேல் வரியில் கிரான்_டிஇசட்=ஏசியா/கொல்கத்தா என்று எழுதலாம். கிரான்_டிஇசட் முழுவதும் பெரிய எழுத்து. ஊர்ப் பெயர்களுக்கு முதலெழுத்து மட்டும் பெரியது. உபுண்டு, டெபியனில் வெறும் டிஇசட் வரி எழுதி ஏமாறாதீர்கள். அது ஸ்கிரிப்டுக்குள் டேட் காட்டும் நேரத்தைத்தான் மாற்றும். கிரான் எப்போது ஓட்டுகிறது என்பதை மாற்றாது. அங்கே, லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர் வையுங்கள். அதன் ஆன்காலண்டர் வரியில் (ஆன், காலண்டர் இரண்டின் முதலெழுத்தும் பெரியது) *-*-01 02:00:00 என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு ஏசியா/கொல்கத்தா என்று சேர்த்தால் போதும். ‘சிஸ்டம்டி-அனலைஸ் காலண்டர்’ என்ற கட்டளைக்கு அதே வரியைக் கொடுத்தால் அடுத்து எப்போது ஓடும் என்று சொல்லும். போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சர்வரின் நேரத்தையே டைம்டேட்சிடிஎல் கொண்டு இந்திய நேரத்துக்கு மாற்றுவது. மாற்றியதும் கிரானை ரீஸ்டார்ட் செய்ய மறந்தால் அது பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சர்வரில் உள்ள மற்ற எல்லா வேலைகளின் நேரமும் இடம் மாறும் என்பதால், வேறு ஊர்க்காரர்களோடு பகிர்ந்துகொள்ளும் சர்வரில் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடை இருப்பை வலைத்தளத்தோடு ஒத்திசைக்கும் வேலை. நெட் மெதுவான நாட்களில் ஒன்று முடியுமுன் அடுத்தது தொடங்கி, முப்பது நாற்பது சேர்ந்து சர்வர் திணறுகிறது. – வாசகர், சிவகாசி

பதில்: முந்தையது முடிந்ததா என்று கிரான் பார்க்காது. நீங்கள்தான் பூட்டுப் போட வேண்டும். ‘ஓடுகிறது’ என்று ஒரு ஃபைலை உண்டாக்கி, முடிந்ததும் அழிக்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் ஃபைல் மட்டும் நின்றுவிடும். அதன்பின் அந்த வேலை ஒருநாளும் ஓடாது. ஃப்ளாக் என்ற கட்டளை இருக்கிறது. எழுத்துக்கூட்டினால் எஃப், எல், ஓ, சி, கே. கிரான் வரியில் ஃப்ளாக் மைனஸ் என், பிறகு ஒரு பூட்டு ஃபைலின் பாதை, பிறகு உங்கள் ஸ்கிரிப்ட். பூட்டைப் பிடித்திருப்பது லினக்ஸின் மையமான கெர்னல். வேலை முடிந்தாலும் செத்தாலும் தானாக விடுபடும். ஃபைல் அங்கேயே கிடக்கட்டும், அழிக்கத் தேவையில்லை. மைனஸ் என் முக்கியம். அது இல்லாவிட்டால் அடுத்தடுத்து வருபவை வரிசையில் நின்று காத்திருக்கும்; கூட்டம் குறையாது.

பூட்டோடு நிறுத்தாதீர்கள். நெட் அறுந்து ஒரு வேலை நாள் முழுக்கத் தொங்கினால் பூட்டும் நாள் முழுக்க இருக்கும். ஸ்கிரிப்டுக்கு முன்னால் ‘டைம்அவுட் 4எம்’ சேர்த்தால் நான்கு நிமிடத்தில் வெட்டிவிடும். எக்சிட் கோட் 124 வந்தால் வெட்டுப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்கிரிப்ட் பின்னணியில் எதையாவது கிளப்பிவிட்டுப் போகிறதென்றால் பூட்டை அதுவும் பிடித்துக்கொண்டே இருக்கும். அப்போது ஃப்ளாக்குக்கு மைனஸ் ஓ என்பதையும் கொடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ரோபோகாப்பி பேட்ச் ஃபைல் ஒன்று வைத்திருக்கிறேன், இசட் டிரைவுக்குக் கோப்புகளை நகலெடுக்க வேண்டும். ‘யூசர் லாகின் ஆகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு’ என்று தேர்ந்தெடுத்தால் கடைசி முடிவு 0எக்ஸ்10. லாகின் ஆகியிருக்கும்போது மட்டும் ஓட்டினால் நகல் நடக்கிறது, ஆனாலும் 0எக்ஸ்1 என்று காட்டுகிறது. சில நாள் 0எக்ஸ்41301. – தணிக்கையாளர் அலுவலகம், திருச்சி

பதில்: மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள். இசட் என்ற எழுத்து நீங்கள் லாகின் செய்யும்போது உங்கள் அமர்வுக்கென்று ஒட்டப்படும் பெயர்ச்சீட்டு. ஆளில்லாமல் ஓடும் அமர்வில் அது இல்லை. பேட்ச் ஃபைலில் இசட்டை எடுத்துவிட்டு \\ போட்டு, சர்வர் பெயர், \ போட்டு, பகிர்வுப் பெயர் என்று முழுதாக எழுதுங்கள். ‘பாஸ்வேர்டைச் சேமிக்காதே’ என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் அந்த வேலைக்கு உள்ளூர்க் கணினிக்கு வெளியே அனுமதியே கிடையாது. உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டு மாறும்போதெல்லாம் டாஸ்கிலும் மாற்ற வேண்டும்.

0எக்ஸ்1 பிழையே அல்ல. ரோபோகாப்பியின் எக்சிட் கோட் தனி மரபு. 0 என்றால் நகலெடுக்க எதுவுமில்லை. 1 என்றால் நகலெடுத்தாயிற்று. 8க்குக் கீழே எல்லாமே நலம். 8, அதற்கு மேல் என்றால்தான் தோல்வி. 0எக்ஸ்10 என்பது பதினாறடிமான எண்ணில் 16, அதாவது எதுவுமே நகலாகவில்லை. பேட்ச் ஃபைலின் கடைசியில் எரர்லெவல் 8ஐ விடக் குறைவென்றால் 0 என்று வெளியேறும்படி ஒரு இஃப் வரி எழுதிவிட்டால் ஷெட்யூலர் சரியாகக் காட்டும்.

0எக்ஸ்41301 என்றால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ எக்செல் ஃபைலைத் திறந்தபடியே வீட்டுக்குப் போயிருப்பார். ரோபோகாப்பி திறக்க முடியாத ஃபைலை, நீங்கள் வேறு சொல்லாவிட்டால், 30 நொடிக்கு ஒருமுறையாக 10 லட்சம் தடவை முயலும். டாஸ்கோ முன்னிருப்பாக மூன்று நாள் வரை வெட்டாமல் விடும். ஏற்கெனவே ஓடினால் புதிதாகத் தொடங்காது. ஒரு ஃபைலால் இரண்டு மூன்று இரவுகள் போய்விடும். /ஆர்:2 /டபிள்யூ:5 என்று இரண்டு சொல் சேருங்கள். இரண்டு முயற்சி, ஐந்து நொடி இடைவெளி, அவ்வளவுதான்.

‘ஸ்டார்ட் இன்’ பெட்டியையும் நிரப்பிவிடுங்கள். காலியாக இருந்தால் வேலை சிஸ்டம்32 டைரக்டரியில் நின்று தொடங்கும். அந்தப் பெட்டியில் மட்டும் மேற்கோள்குறி போடக் கூடாது. லேப்டாப் என்றால் கண்டிஷன்ஸ் பக்கத்தில் ‘ஏசி மின்சாரத்தில் இருந்தால் மட்டும்’ என்ற டிக்கை எடுங்கள்.

கேள்வி: பேக்கப்.எஸ்எச் என்ற ஸ்கிரிப்டை, தினசரி வேலைகளுக்கான கிரான்.டெய்லி டைரக்டரியில் போட்டேன், இயக்க அனுமதியும் கொடுத்தேன். ஓடவே இல்லை. – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பெயரில் உள்ள புள்ளிதான். டெபியன், உபுண்டுவில் அந்த டைரக்டரியை ஓட்டும் ரன்-பார்ட்ஸ், பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு, இணைகோடு தவிர வேறெது இருந்தாலும் கண்டுகொள்ளாது. பேக்கப் என்று மட்டும் பெயர் வையுங்கள். ரன்-பார்ட்ஸுக்கு இரட்டை மைனஸ் டெஸ்ட் கொடுத்தால் எவையெவை ஓடும் என்று பட்டியலிடும். இரவில் அணைத்துவிடும் கணினியென்றால் அனாக்ரான் நிறுவுங்கள்; தவறிய நாள் வேலையைக் கணினி ஏறிய பின் ஓட்டும்.

கேள்வி: ஜென்கின்ஸில் இருபது வேலைகளும் 0 2 * * * என்று ஒரே நேரத்தில் இருப்பதால் சர்வர் திணறுகிறது. இன்னொன்று, பில்டின் கடைசியில் & போட்டு எங்கள் அப்ளிகேஷனைப் பின்னணியில் கிளப்புகிறோம்; பில்ட் வெற்றி என்று வந்த மறுகணமே அது நின்றுவிடுகிறது. – மென்பொருள் பணியாளர், கோவை

பதில்: நிமிடக் கட்டத்தில் 0க்குப் பதில் பெரிய எழுத்து எச் போடுங்கள். வேலையின் பெயரிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு 2.00க்கும் 2.59க்கும் இடையில் ஒவ்வொன்றையும் ஓரிடத்தில் அமர்த்திவிடும். தினம் தினம் மாறாது. பெயரை மாற்றினால் மட்டும் மாறும். அதே பெட்டியின் முதல் வரியில் டிஇசட்=ஏசியா/கொல்கத்தா எழுதினால் இந்திய நேரம்; டிஇசட் பெரிய எழுத்து, ஊர்ப் பெயர்களுக்கு முதலெழுத்து மட்டும் பெரியது.

பில்ட் முடிந்ததும் அதில் பிறந்து ஓடும் எல்லா புரோகிராம்களையும் ஜென்கின்ஸ் தேடிப் பிடித்துக் கொல்லும். அது கோளாறல்ல, வேண்டுமென்றே வைத்தது. பில்ட்_ஐடி மாறியின் மதிப்பை ‘டோன்ட்கில்மீ’ என்று மாற்றித் தப்புவிக்கும் வித்தை உண்டு. பைப்லைன் வகை வேலையில் அதற்கு ஜென்கின்ஸ்_நோட்_குக்கீ. மாறிகளின் பெயர் இரண்டும் முழுவதும் பெரிய எழுத்து. நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அப்ளிகேஷனை சிஸ்டம்டி சர்வீஸாக வைத்து, ஜென்கின்ஸ் அதை ரீஸ்டார்ட் மட்டும் செய்யட்டும். சர்வர் அணைந்து ஏறினாலும் அது தானே எழுந்துகொள்ளும். ஜென்கின்ஸ் கிளப்பியது எழாது.

‘எக்சிகியூட் ஷெல்’ பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். அது ஷெல்லை மைனஸ் எக்ஸ்ஈ உடன் ஓட்டுகிறது. ஈ என்பதால் முதல் தோல்வியிலேயே நிற்கும். சொல் தேடும் கிரெப் கட்டளை எதையும் காணாவிட்டால் 1 கொடுக்கும்; அதற்கே பில்ட் சிவப்பாகிவிடும். எக்ஸ் என்பதால் ஒவ்வொரு வரியும் கன்சோலில் அச்சாகும், வரியில் உள்ள பாஸ்வேர்டு உட்பட. முதல் வரியில் #!/பின்/பேஷ் நீங்களே எழுதினால் இரண்டும் போய்விடும். பிறகு வேண்டியதை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கிரான் வரியில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மைனஸ் பி போட்டு எழுதியிருக்கிறேன். கிரான்டாபை வேறு யாரும் பார்க்க முடியாதே, ஆபத்தா? – வாசகர், சென்னை

பதில்: கிரான்டாபைப் பார்க்க வேண்டாம், சிஸ்லாக்கைப் பார்த்தால் போதும். முதல் பதிலில் சொன்ன அந்த ‘சிஎம்டி’ வரியில் முழுக் கட்டளையும் அச்சாகிறது, பாஸ்வேர்டோடு, ஓடிய ஒவ்வொரு முறையும். லாகுகளை வேறொரு சர்வருக்கு அனுப்பிச் சேமிக்கிறீர்கள் என்றால் அங்கேயும் போயிருக்கும். வேலை ஓடும் நேரத்தில், ஓடுபவற்றைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை போடும் எவருக்கும் கிரான் கிளப்பிய ஷெல்லின் வரி தெரியக்கூடும்.

பாஸ்வேர்டைத் தனி ஃபைலில், கிளையன்ட் என்ற சதுர அடைப்புத் தலைப்பின் கீழ் எழுதி, வேறு பயனர்கள் படிக்க முடியாதபடி சிஎச்மாட் 600 கொடுங்கள். மைஎஸ்க்யூஎல்டம்புக்கு ‘டிஃபால்ட்ஸ்-எக்ஸ்ட்ரா-ஃபைல்’ வழியாக அதைக் காட்டுங்கள். எல்லா ஆப்ஷன்களுக்கும் முதலில் இதுவே வர வேண்டும். நடுவில் வந்தால் பிழை சொல்லும். ஃபைலுக்கு மாற்றியதோடு நிறுத்திவிடாமல் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பழையது சுருக்கிய சிஸ்லாக் ஃபைல்களில் இன்னும் சில வாரம் உட்கார்ந்திருக்கும்.